பார்த்தீனியமும் அதன் பங்காளி சூரியகாந்தியும்

கோவையில் முதுகலை படித்தபோது, காங்கயம் பக்கத்து விவசாயக் காடு ஒன்றில் இலை கருகிக் கிடந்த பார்த்தீனியத்திலிருந்து ஆல்டர்னேரியா பூஞ்சாணம் ஒன்றைப் பிரித்தெடுத்தேன். களையை ஒழிக்க அதையே வயலில் விடலாமா என்பதுதான் என் ஆய்வு. களையை அது கருக்குவதைக் காட்டுவது சுலபம். பயிரை ஒன்றும் செய்யாது என்று காட்டுவதில்தான் நாக்குத் தள்ளிவிட்டது.

எந்தெந்தச் செடியில் சோதிப்பது? 1974-ல் வாப்ஷியர் என்ற ஆய்வாளர் வகுத்த முறைதான் இதற்கு அடிப்படை. களைக்கு நெருங்கிய உறவுச் செடியில் தொடங்கித் தள்ளித் தள்ளிப் போக வேண்டும்: முதலில் பங்காளிகள், அப்புறம் மாமன் மச்சான், கடைசியில் ஊர்க்காரர்கள். பார்த்தீனியத்துக்குச் சூரியகாந்தி நெருங்கிய பங்காளி. செண்டுமல்லி, செவ்வந்தி, குசும்பா, கரிசலாங்கண்ணியும் அதே குடும்பம்தான். வெளியாட்களில் மஞ்சள், பருத்தி, சோளம், தக்காளியைச் சேர்த்தேன். தக்காளியை விடவே முடியாது. அதற்கு இலைக்கருகல் கொண்டுவருவதே இன்னொரு ஆல்டர்னேரியாதான்.

மில்லிலிட்டருக்கு 10 லட்சம் பூஞ்சாண வித்துகள் (ஸ்போர்) இருக்கும்படி கரைத்துத் தெளித்து, ஈரம் காயாமல் 48 மணி நேரம் பாலித்தீன் கவரால் மூடி வைக்க வேண்டும். கூடவே வெறும் தண்ணீர் தெளித்த செடிகளும், வித்து தெளித்த பார்த்தீனியமும் இருக்க வேண்டும். பார்த்தீனியம் கருகவில்லையென்றால் மற்றவை பச்சையாக நிற்பதற்கு மதிப்பே இல்லை. சித்திரை வெயிலில் நிழல்வலைக் குடிலில் அப்படித்தான் ஆனது. ஆடிக் காற்று வந்து சூடு தணிந்த பிறகுதான் பூஞ்சாணம் பிடித்தது.

சூரியகாந்தி நாற்றுகளில் பொடிப்பொடியாய்ப் பழுப்புப் புள்ளிகள். இது நோயா, இல்லை செடியே தன் செல்களைச் சாகவிட்டுப் பூஞ்சாணத்தை வழிமறித்த தழும்பா? தழும்பென்றால் அப்படியே நின்றுவிடும். இது பரவியது, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டியது. புள்ளியை வெட்டி, மேற்பரப்பைக் கிருமிநீக்கம் செய்து பூஞ்சாணம் வளர்க்கும் உருளைக்கிழங்கு ஊடகத்தில் வைத்தால், அதே பூஞ்சாணம்.

"கவருக்குள்ள பூட்டி வெச்சா எதுக்குத்தான் நோய் வராது?" என்றார் கைடு. நியாயமான கேள்விதான். ஈர நேரத்தை 12 மணியாகக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் இளநாற்றுகளில் புள்ளி வந்தது. மார்கழிப் பனியில் இலை அவ்வளவு நேரம் நனைந்துதானே கிடக்கும்?

களைக்கு எதிராகப் பூஞ்சாணத்தை விட்டதே இல்லையா என்றால், உண்டு. ஆனால் 2005-ல் அசாமில் மிகானியா என்ற களைக்கொடிக்கு எதிராக விட்டது துருப்பூஞ்சாணம். உயிருள்ள இலையில் மட்டுமே வாழும் என்பதால், துரு பொதுவாக ஆள் பார்த்துத்தான் ஒட்டும். என் பூஞ்சாணமோ நஞ்சைச் சுரந்து இலையைக் கொன்று தின்கிற வகை. சூரியகாந்தி விளையும் பகுதிக்கு ஆகாது என்றே ஆய்வேட்டில் எழுதினேன்.

காட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். "செரிங் தம்பி, அப்பக் கையிலயே புடுங்கிக்கறோம்" என்றார். பூக்கும் முன்னே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கச் சொல்லிவிட்டு வந்தேன்.