தலைகுந்தா பனியும் ஒரு கிண்ணம் தைலமும்

தலைகுந்தா புல்வெளியில் உறைபனி பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. இந்த ஜனவரியில் விடியும் முன்பே ஊட்டியில் இருந்து கிளம்பிவிட்டோம். புல் முழுக்க உப்பைத் தூவி வைத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. காலை வைத்தால் நறநறவென்று நொறுங்கியது. வெயில் ஏறியதும் அத்தனையும் வெறும் ஈரமாகிப் போனது.

அறைக்குத் திரும்பி முகம் கழுவினால் கன்னம் எரிகிறது, வாயைத் திறந்தால் உதடு வெடிக்கிறது. குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. தோலில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். மறுநாள் குன்னூர் இறங்கியபோது அங்கே ஓர் ஆயுர்வேத வைத்தியசாலை இருப்பதாகச் சொன்னார்கள். சரி, முக அப்யங்கம், அதாவது முகத்துக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது, செய்துகொள்ளலாம் என்று போனேன்.

எடுத்ததும் எண்ணெய் தடவிவிடவில்லை. சளி இருக்கிறதா, சாப்பிட்டது செரிக்கிறதா என்று வைத்தியர் கேட்டார். கபம் மிகுந்திருந்தாலோ அஜீரணம் இருந்தாலோ எண்ணெய் தேய்க்கக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் பழைய விதி. அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எனக்குக் கொடுத்தது நால்பாமராதி தைலம். ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கு மரங்களின் பட்டையோடு மஞ்சளும் வெட்டிவேரும் சேரும். குங்குமப்பூவும் ஆட்டுப்பாலும் சேர்த்து நல்லெண்ணெயில் காய்ச்சும் குங்குமாதி தைலத்துக்குத்தான் பெயர் அதிகம். ஒரு கிராம் குங்குமப்பூவுக்கே சுமார் 150 பூ வேண்டும். அதனால் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

தேய்த்துவிட்ட பெண் கூடலூர்க்காரர். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கினார். முகத்தை ஈரத்துணியால் துடைத்து, அந்த ஈரம் காயும் முன்பே எண்ணெயைத் தொட்டு வைத்தார். எண்ணெய் தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான். மோவாயில் தொடங்கி மேல்நோக்கியே விரல் போனது. மூக்கோரம், புருவ மத்தியில் ஸ்தபனி என்ற வர்மப் புள்ளி, அப்புறம் கண்ணோரத்து நெற்றிப்பொட்டு. அங்கெல்லாம் அழுத்தமே இல்லை, சின்ன வட்டம்தான்.

காதுக்குக் கீழே தாடை மடங்கும் இடத்தில் கட்டைவிரல் நின்றது.

“அக்கா, ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருடமாகக் காலையில் தலைவலியோடு எழுகிறேன். அதைத் தாடையோடு சேர்த்து நான் யோசித்ததே இல்லை. “கல்லு மாதிரி இருக்குக்கா. சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டவே கூடாது” என்றார். அந்த இடத்தில் மட்டும் பத்து நிமிடம் இருந்திருப்பார். முதலில் வலித்தது, பிறகு கண்ணில் நீர் வந்தது, பிறகு வாய் தானாகக் கொஞ்சம் திறந்துகொண்டது. கடைசியில் சோப்பு இல்லாமல் பயத்தமாவில் எண்ணெயை எடுத்தார். வெள்ளைத் துண்டில் மஞ்சள் கறை.

இதனால் நிறம் மாறும், சுருக்கம் ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கிடைத்தது எரிச்சல் அடங்கிய கன்னமும், அன்று ராத்திரி ஏழு மணி நேரத் தூக்கமும். அதுவே எனக்குப் பெரிது. பருக்கள் பழுத்திருந்தால் எண்ணெய் வேண்டாம். புதுத் தைலம் எதுவானாலும் முந்தின நாளே முன்கையில் தடவிப் பாருங்கள். இன்னொன்று, வழியெங்கும் விற்கிற நீலகிரித் தைலத்தை அப்படியே முகத்தில் பூசிவிடாதீர்கள். அதன் காரம் தோலைப் புண்ணாக்கிவிடும், குழந்தைகள் பக்கம் கொண்டே போகக் கூடாது.

இறங்கும்போது பர்லியாரில் பஸ் நின்றது. குளிர் விட்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து நாக்கால் துழாவிப் பார்த்தேன். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தது.