அந்த ராத்திரிக்குத் திரும்பிப் போக முடிந்தால்

லீவில் வந்திருந்தேன். செங்கோட்டையில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ராத்திரி, அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "வாயுதான்டே, காலையில பார்த்துக்கலாம்" என்றார். நானும் சரி என்று டார்ச்சை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். தென்காசிக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. விடியும்போது அவர் இல்லை.

12 வருஷமாக மனசு அந்த ராத்திரிக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் நிஜமாகவே போய் அவரைக் காப்பாற்றிவிட்டால்? அவர் இருந்திருந்தால் நான் கொச்சி வேலையை விட்டு ஊரோடு வந்திருக்க மாட்டேன், காரியத்துக்கு வந்த பெரியம்மா பிறகு புனலூர் வரனைச் சொல்லியிருக்க மாட்டார், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பாதி மலையாளத்தில் வாய்ப்பாடு சொல்லும் 8 வயசு மகளும் இல்லை. கருத்தரிக்கும் நேரம் கொஞ்சம் தள்ளிப்போனாலே பிறப்பது வேறு பிள்ளை என்று தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984-ல் எழுதினார். எங்கள் ஊர்க்காரனுக்கு இது புதிதில்லை. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்தது, அப்பாவுக்கு அப்போது 6 வயசு. சேராமல் போயிருந்தால் அவர் கொல்லத்தில் படித்து அங்கேயே யாரையாவது கட்டியிருப்பார், நான் ஏது?

பிறக்காத பிள்ளைக்கு நஷ்டமே இல்லை, குறை சொல்ல ஆளே இருக்காது என்று வாதிடலாம். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இவள் முகத்தைப் பார்த்த பிறகு அப்பாவுக்காகக்கூட என்னால் அதைச் செய்ய முடியாது.

டேவிட் லூயிஸ் என்ற இன்னொரு தத்துவவாதியின் 1976 கட்டுரையில் ஒருவன் காலத்தில் பின்னால் போய்த் தாத்தாவைச் சுடப் பார்க்கிறான். துப்பாக்கி இருக்கிறது, குறியும் தப்பாது, அந்த வகையில் அவனால் முடியும். ஆனால் தாத்தா அன்று சாகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முடியாது. முதலில் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல், எல்லாம் தலைவிதி, என் தப்பு இல்லை என்று. அப்புறம்தான் உறைத்தது. நடந்ததை மாற்ற முடியாது என்பது வேறு, அன்று எனக்கு வேறு வழியே இல்லை என்பது வேறு. அன்று படுத்தவன் வேறு ஆள், நான் வேறு ஆள் என்றும் சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. கார் சாவி ஆணியில்தான் தொங்கியது. எடுத்திருக்கலாம்.

போன மாசம் அம்மா தோள் வலிக்கிறது, காலையில் பார்க்கலாம் என்றார். பதில் சொல்லாமல் சாவியை எடுத்தேன். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. வீடு திரும்பும்போது மணி 2, வழியெல்லாம் அம்மா திட்டிக்கொண்டே வந்தார்.