ஒரு மாரி தாங்குகிற சென்சர் பெட்டி

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற ஈதர்நெட்டை 1973இல் ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய றொபேர்ட் மெட்கால்ஃப், 1979இல் 3கொம் நிறுவனத்தைத் தொடங்கினார். டிஜிட்டல், இன்டெல், ஸெரொக்ஸ் மூன்றும் சேர்ந்து 1980இல் ஈதர்நெட்டைப் பொதுத் தரமாக வெளியிட்டதில் அவருக்குப் பெரும் பங்கு. ஐபிஎம் பீசிக்கான ஈதர்நெட் அட்டையை 3கொம் விற்கத் தொடங்கியது 1982இல்தான். ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு, வயலுக்குத் தண்ணீர்மட்டம் அளக்கிற கருவி செய்து தொழில் நடத்த நினைக்கிற பிள்ளைகள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: பொதுத் தரம் முதலில், விற்பனை பிறகு. சொந்தமாக ஒரு றேடியோ மொழி எழுதாதீர்கள். குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குச் செய்தி அனுப்புகிற பொதுத் தரமான லோராவானில் செய்தால், நீங்கள் கொழும்பில் வேலை கிடைத்துப் போனாலும் வேறொருவர் அந்தப் பெட்டியைப் பார்த்துத் திருத்தலாம். அந்தச் செய்திகளை வாங்குகிற சேர்வருக்கு சிர்ப்ஸ்டாக் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த அலைவரிசை, எவ்வளவு வலு என்பதை றேடியோ மொடியூல் வாங்குவதற்கு முன்பே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் காலை வாருவது மின்சாரம். பெட்டியின் மூளையான இஎஸ்பி32 சிப் ஆழ்ந்த உறக்கத்தில் 10 மைக்ரோ அம்பியர் அளவே எடுக்கும் என்று போட்டிருப்பார்கள். அது சிப்புக்கு மட்டும். கடையில் வாங்குகிற போர்டில் இருக்கும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 றெகுலேற்றர் சும்மா இருக்கவே 5 மில்லி அம்பியர் குடிக்கும். ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தால் தண்ணீர்மட்டத்தை அளக்கிற அல்ட்ராசொனிக் சென்சர் இன்னொரு 5. ஆக 10 மில்லி அம்பியர்; 2500 மில்லி அம்பியர் மணி பற்றரி பத்து நாளில் தீர்ந்துவிடும். றெகுலேற்றரை எச்டி7333க்கு மாற்றுங்கள் (வைஃபையை ஓட விடாதீர்கள், அந்த உச்ச மின்னோட்டத்தை அது தாங்காது). சென்சருக்குப் போகும் மின்சாரத்தை ஆளி போல வேலை செய்கிற ஒரு மொஸ்ஃபெட் வைத்து உறக்கத்தில் துண்டியுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை 3 செக்கன் விழித்து 60 மில்லி அம்பியர் எடுத்தால் சராசரி 0.2 தான் வரும். உறக்கச் செலவையும் சேர்த்து 0.25 என்று வைத்தாலும் அதே பற்றரி ஒரு வருடம் தாண்டும். லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி போடுகிறவர்கள் டிபி4056 சார்ஜரை அதில் கொழுவக்கூடாது. அது 4.2 வோல்ற் வரை ஏற்றும். அந்தப் பற்றரிக்கு 3.6 தான் எல்லை.

அளவில் வருகிற பிழை வெப்பத்தால் வருவது. ஒலியின் வேகம் ஒரு பாகை செல்சியசுக்கு விநாடிக்கு 0.6 மீற்றர் கூடும். 20 பாகைக்குரிய 343ஐ நிரலில் நிரந்தரமாக எழுதிவிட்டு 35 பாகை வெயிலில் அளந்தால், 1 மீற்றர் உயரத்தில் நிற்கிற சென்சர் தண்ணீரை ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் கூட்டிக் காட்டும். வயலில் நிற்கிற தண்ணீரே 5 சென்ரிமீற்றர் என்றால், தண்ணீர் பங்கிடுகிற வட்டைவிதானை அந்த எண்ணை நம்பி வாய்க்காலை அடைத்துவிடுவார். பாதிப் பிழை வேளாண்மைக்காரனின் தலையில் விழும். ஒரு டிஎஸ்18பி20 வெப்பமானியை நிழலில் கட்டி, ஒவ்வொரு அளவையும் திருத்துங்கள். சென்சரின் முகத்துக்குக் கீழே 25 சென்ரிமீற்றருக்குள் தண்ணீர் வந்தாலும் அளவு பொய்தான். ஆகக்கூடிய வெள்ளமட்டத்துக்கு மேலே அந்த இடைவெளியை விட்டே தடியை நடுங்கள். சிலந்தி வலையும் பனித்துளியும் அதே குழப்பத்தைத் தரும்.

பெட்டியை ஒட்ட ஹாட்வெயார் கடையில் கிடைக்கிற, வினாகிரி மணக்கிற சிலிக்கனைப் பூசாதீர்கள். அது காயும்போது விடும் அசற்றிக் அமிலம் செப்புத்தடங்களைப் பச்சையாக்கித் தின்றுவிடும். மணமில்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும். வயர் எப்போதும் பெட்டியின் அடியால் நுழையட்டும், வெளியே ஒரு தொங்கல் வளைவோடு. கல்லடி, களுவாஞ்சிகுடி போன்ற கரையோரத்தில் 304 ஸ்ரெயின்லெஸ் திருகாணிகூடக் கறை பிடிக்கும், 316 எடுங்கள்.

தூரத்தைப் பற்றி விளம்பரத்தை நம்ப வேண்டாம். படுவான்கரை வெளி தட்டையானது, ஆனால் 923 மெகா ஹேர்ட்ஸில் 5 கிலோமீற்றர் தொடுப்புக்கு நடுவழியில், அலை போகிற நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 12 மீற்றர் தடையில்லாத ஆரம் தேவை. இரண்டு மீற்றர் தடியும் ஓட்டுவீட்டுக் கூரையும் அதைத் தராது. நடுவில் ஒரு தென்னந்தோப்பு வந்தால் முடிந்தது. பெட்டிகளின் செய்தியை வாங்கி சேர்வருக்கு அனுப்புகிற கேற்வேயைத் தண்ணீர்த்தாங்கி மேல் ஏற்றுங்கள், அன்டனாவோடு மின்னல் தடுப்பியும் நிலக்கம்பியும் சேர்த்து. அன்டனா இல்லாமல் மொடியூலை இயக்கிப் பார்க்கவே கூடாது.

விலையைப் பெட்டிக்குப் போடாமல் போகத்துக்குப் போடுங்கள். கமக்காரர் அமைப்பு பெரும்போகத்துக்கு ஒரு தொகை, சிறுபோகத்துக்கு ஒரு தொகை கட்டட்டும். அதற்குள் பற்றரி மாற்றமும் இரண்டு தடவை போய்வருகிற பெற்றோல் செலவும் அடங்கவேண்டும். ஒவ்வொரு செய்தியோடும் பற்றரி வோல்ற்றையும் அனுப்பினால், எந்தப் பெட்டிக்கு எப்போது போவது என்று வீட்டிலிருந்தே தெரியும். பூட்டுகிற வேலை செப்ரெம்பருக்குள் முடியவேண்டும். நவம்பரில் மாரி பிடித்தபின் வரம்பில் ஏணி நிற்காது.