பையன ஹாஸ்டல்ல சேத்த கதை: அரையடி மெத்தையும் ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும்

போன வாரம் புதன்கிழமை பையன ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தோம். அந்த ஆபீஸ் கவுண்டர நெனச்சா இன்னும் எனக்குப் பத்திக்கிட்டு வருது, அதான் ஒக்காந்து எழுதுறேன், அடுத்து சேக்கப் போறவங்களுக்காவது உதவட்டும்.

கவுன்சிலிங், பீஸு, டிசி எல்லாம் ஒரு தொந்தரவும் இல்லாம முடிஞ்சுருச்சு, அத விடுங்க. நாங்க போடி. காலேஜு மதுரைக்கு வெளிய, ரிங் ரோட்டத் தாண்டி. பேரு வேணாம், பையன் இன்னும் நாலு வருசம் அங்கதான் சோறு திங்கணும்.

மொதல்ல மெத்த கத. போடியில இருந்துக்கிட்டு கடையில போயி ஃபோம் மெத்த வாங்குனா சொந்தக்காரங்க சிரிப்பாங்க, எங்கூரே இலவம்பஞ்சுக்குப் பேரு போன ஊரு. மதுர வெக்கைக்கு ஃபோம் முதுகு வேகும், இலவம்பஞ்சுதான் சூடு ஏத்தாதுன்னு எங்க அத்த வேற ஒத்தக் கால்ல நின்னாங்க. சரின்னு ஹாஸ்டல் ஆபீஸுக்கு போனப் போட்டு கட்டிலு என்ன அளவுங்கன்னு கேட்டேன். "ஸ்டாண்டர்டு சைஸ்தான் மேடம்"னு சொல்லி வச்சுட்டாரு. ஒத்தக் கட்டிலுக்கு ஸ்டாண்டர்டுன்னா ஆறுக்கு மூணுதானன்னு நானும் ஆறடிக்கு மூணடி, 8 கிலோ பஞ்சு அடைச்சு தைக்கச் சொல்லிட்டேன்.

அதோட விட்டேனா? மாத்தி மாத்திப் போட ரெண்டு உறை வேணும்ல. மதுரையில வாளி, மக்கு வாங்குற வேலையும் இருந்துச்சு, அதனால காலையில பஸ்ஸப் புடிச்சு வந்து நேரா மீனாட்சி கோயிலுக்கு எதுத்தாப்ல இருக்க புதுமண்டபத்துக்குப் போறேன். என் கல்யாணத்துக்கு ஜாக்கெட் எல்லாம் அங்கதான் தச்சது, துணியக் குடுத்துட்டு கோயிலுக்குப் போய் வந்தா தச்சு வச்சிருப்பாங்க. போய்ப் பாத்தா ஒரு மெஷினு சத்தத்தக் காணோம். பூ விக்கிற அக்காதான் "எங்கத்தா இருந்த, கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தி எம்புட்டு நாளாச்சு"ன்னாங்க. அங்க தேடிப் போயி தச்சு வாங்குனேன். நல்லாத்தான் தச்சாங்க. அதுவும் மூணடிக்குத்தான் தச்சாங்க, அதான் கொடும.

சேர்ற அன்னிக்கு பக்கத்து வீட்டுத் தம்பியோட குட்டியானையில சாமான ஏத்திக்கிட்டு வெள்ளனே கெளம்பி பத்து மணிக்கெல்லாம் காலேஜ் வாசல்ல நிக்கிறோம். பாய்ஸ் ஹாஸ்டல்னாலும் மொத நாளு அம்மாமாரு உள்ள போலாம், ஆனா ஒரு மணி வரைக்கும்தான்னு ஹாஸ்டல்ல குடுத்த பேப்பர்லயே போட்டிருந்தாங்க. மூணு மணி நேரம் இருக்கு, நின்னு நெதானமா அடுக்கிக் குடுத்துட்டு வந்துரலாம்னுதான் நெனச்சேன்.

கவுண்டர்ல ராகிங் பத்தின உறுதிமொழி எங்கன்னாங்க. யுஜிசி வெப்சைட்லயே பையனும் நாங்களும் போட்டாச்சு சார், ரிஜிஸ்டர் நம்பர் மெயில்ல வந்துருக்கு, காலேஜுக்கு அந்த மெயில அனுப்பியும் விட்டாச்சுன்னு போனக் காட்டுறோம். "பிரிண்ட் எங்க?" பிரிண்ட் வேணாம்னு யுஜிசிலயே சொல்லிருக்காங்க சார்னா, "எனக்கு ஃபைல்ல வைக்கணும்ல?" சரின்னு வாசல்ல இருக்க ஜெராக்ஸ் கடையில எடுத்துட்டு வந்தாரு எங்க வீட்டுக்காரரு. அது அரை மணி நேரம். திரும்ப வந்தா "லோக்கல் கார்டியன் எங்க?" செல்லூர்ல எங்க சித்தப்பா இருக்காரு, பேரு, அட்ரஸ், ஆதார் ஜெராக்ஸு எல்லாம் ஃபார்ம்லயே வச்சிருக்கோம். "போட்டோ ரெண்டு வேணும், ஆளு நேர்ல வந்து என் முன்னாடி கையெழுத்துப் போடணும்." இத அந்தப் பேப்பர்ல எந்த எடத்துல போட்டிருக்குன்னு கேட்டேன். நிமுந்துகூட பாக்கல, "அடுத்து வாங்க"ன்னாரு.

சித்தப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு, முட்டி வலி. பாவம் மனுசன் பாதி இட்லியில எந்திரிச்சு ஸ்டுடியோவுக்கு ஓடி, போட்டோ எடுத்து, ஆட்டோவப் புடிச்சு வந்து சேரும்போது பன்னெண்டே முக்கா. கவுண்டர்ல "லஞ்ச்"னு ஒரு அட்ட தொங்குது. ரெண்டு மணிக்குத்தான் அவரு பல்லக் குத்திக்கிட்டே வந்தாரு. சித்தப்பா கையெழுத்துப் போட்டத அவரு பாக்கவே இல்ல, அந்தப் பக்கம் யாருகிட்டயோ பேசிக்கிட்டிருந்தாரு. அந்த ரெண்டு போட்டோவையாவது ஒட்டுனாரான்னா அதுவும் இல்ல, ஸ்டேப்ளர்ல ஒரு பின்ன அடிச்சு உள்ள சொருகிட்டாரு. பின்னு சித்தப்பா நெத்தியில ஏறியிருக்கு.

ஹாஸ்டல் வாசலுக்குப் போனா வாட்ச்மேன் அண்ணன், "ஒரு மணிக்கு மேல லேடீஸ் போகக்கூடாதும்மா." எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். அவர் மேல தப்பு இல்ல, அவரும் என்ன செய்வாரு.

ஆக மொத்தம் பதினெட்டு வருசம் அவன் ரூம அடுக்குன நான் வாசல்ல இருக்க வேப்பமரத்தடியில, வீட்ல தன் சட்ட எந்த ஷெல்ஃப்ல இருக்குன்னு தெரியாத எங்க வீட்டுக்காரரு மூணாவது மாடியில. வீடியோ கால் போட்டேன். மொத பத்து நிமிசம் ஃபேனையும் அவரு மூக்கையும்தான் பாத்தேன். "ஏங்க, போன கட்டில் பக்கம் திருப்புங்க"ன்னா சுவிட்சு போர்டக் காட்டுறாரு. வயர்மேன் வேல பாக்குறவரு, அவரு கண்ணுக்கு அதுதான் தெரியும். ஒரு வழியா மெத்தைய விரிச்சாங்க, விரிச்சா கட்டில் ரெண்டரையடிதான், இரும்புச் சட்டத்துக்கு வெளிய மெத்த அரையடி நாக்கு மாதிரி தொங்குது. அந்தப் பக்கம் செவுத்தோட ஒதுக்கி மடிச்சுப் பாத்தாங்க, மடிச்ச எடம் மேடாகி பையன் படுத்தா இந்தப் பக்கம் உருண்டு வர்றான். அங்கதான் எனக்கு அழுகையே வந்துச்சு, ஸ்டாண்டர்டு சைஸாம்ல ஸ்டாண்டர்டு.

பக்கத்துல இன்னொரு அக்கா, பரமக்குடிக்காரங்க, அவங்களும் என்ன மாதிரியே லேட்டாகி மரத்தடிக்கு வந்தவங்க. பேசிப் பாத்தா அவங்க பையனும் அதே ரூமு! அப்புறம் ரெண்டு பேருமா சேந்து ஒரே போன்ல அதிகாரம் பண்ணுனோம். மேல ரெண்டு அப்பாமாரும் முழிக்கிறாங்க. ரூம்ல இருக்க மூணு பசங்களுக்கும் ஒரே நீலக் கலர் வாளி, மொத நாளே மாறிப் போயிரும்னு அந்தக்கா தன் பையிலருந்து செவப்பு நெயில் பாலிஷ எடுத்து வாட்ச்மேன்கிட்ட குடுத்து விட்டு, வாளிக்கு அடியிலயும் மக்குக் காம்புலயும் ரோல் நம்பர் கடைசி மூணு எழுத்த எழுத வச்சாங்க. மார்க்கர்ல எழுதுனா சோப்புத் தண்ணியில ஒரு மாசத்துல போயிரும், இது போகாதாம். அவங்க மூத்த பையனுக்கு மூணு வாளி தொலச்ச அனுபவம்.

பூட்டு அடுத்து. திண்டுக்கல்ல இருக்க எங்க அண்ணன் மருமகனுக்குன்னு நல்ல கனமான திண்டுக்கல் பூட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்திருந்தாரு. 2019ல புவிசார் குறியீடு வாங்குன பூட்டு, கையில வச்சா அரைப்படி அரிசி கனம் கனக்கும். அதோட கம்பி அந்தத் தகர அலமாரி கொண்டியில நுழையவே இல்ல. கடைசியில வாசல் பெட்டிக்கடையில ஒரு துக்கடா பூட்ட ரெட்ட வெலைக்கு வாங்குனோம். ஒரு சாவி அவங்கிட்ட, ஒண்ணு எங்கிட்ட. அண்ணங்கிட்ட இன்னும் சொல்லல.

கெட்டில் போயிருச்சு. வார்டன் பையத் தெறந்து பாத்து எடுத்து வச்சுக்கிட்டாரு. இதுல மட்டும் எங்க வீட்டுக்காரரு வார்டன் கச்சி. 1500 வாட்ஸ் கெட்டிலு 230 வோல்ட்ல ஆறரை ஆம்ஸ் இழுக்கும், ரூம்ல இருக்கது ஆறு ஆம்ஸ் சாக்கெட்டு, மாடிக்கு இருபது கெட்டில் ஓடுனா வயரு என்னத்துக்காகும்னு எனக்கு கிளாஸ் எடுக்குறாரு. இத வாங்குறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல? அயர்ன் பாக்ஸு, தண்ணி காய வைக்கிற ஹீட்டர் ராடு, இண்டக்சன் எதுவும் கொண்டு போகாதீங்க, எல்லாம் வாங்கி வச்சுருவாங்க. ஆனா அவரே செஞ்சு கொண்டாந்த நாலு மீட்டர் வயரு எக்ஸ்டென்ஷன் போர்டுதான் ரூமுக்கே சாமி. பிளக் பாயிண்ட் கதவுப் பக்கம், மேச ஜன்னல் பக்கம். மத்த பசங்க வாங்கியாந்த ஒன்றரை மீட்டர் போர்டெல்லாம் பாதி வழியில நின்னுருச்சு. லேப்டாப்பு, போன் சார்ஜருக்கு மட்டும்தான்னு வார்டனும் விட்டுட்டாரு.

ஒரு டஜன் ஹேங்கர் வாங்குனது தண்டம், அலமாரியில கம்பியே இல்ல, வெறும் தட்டுதான். கொசுவலையும் தண்டம், கட்டில்ல கால் நீட்டிக்கிட்டு இருந்தாத்தான கட்டுறது, கூடாரம் மாதிரி விரியிறது வாங்குங்க. நைலான் கயிறும் ரெண்டு டஜன் கிளிப்பும் அம்பது ரூபா சமாச்சாரம், அதுதான் எல்லாத்தவிட ஒழச்சது. இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய தனியா பாட்டில்ல குடுத்து விட்டேன், அது குட்டியானையிலயே ஒழுகி ஒரு பெட்ஷீட் காலி. பொடியிலயே எண்ணெயக் கொழச்சு டப்பாவுல போட்டிருக்கணும். அப்புறம் அந்த ராகிங் ஹெல்ப்லைன் நம்பர், 1800-180-5522, இத ஒரு சீட்டுல எழுதி அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டச் சொன்னேன். பையன் "ம்மா, போன்ல இருக்கும்மா"ன்னான். ஒட்டுறான்னேன், ஒட்டிட்டான்.

மெத்தைய அங்க விடல, சுருட்டிக் கீழ கொண்டாந்தாச்சு. மூணு நாளு புள்ள ஜமுக்காளத்த மடிச்சுப் போட்டுத்தான் படுத்திருக்கான். சித்தப்பா செல்லூர்ல தெரிஞ்ச மெத்தக் கடையில குடுத்து, ஓரத்தப் பிரிச்சு, பஞ்ச எடுத்து, ரெண்டரையடிக்கு மறுபடி தச்சு, ரெண்டு உறையையும் ஒடுக்கி வாங்குனாரு. ஒன்னேகால் கிலோ பஞ்சு மிச்சம். அது என்ன பண்ணுறதுன்னு கடக்காரரு கேட்டப்பதான் எனக்கு ஒறச்சுச்சு, இம்புட்டு ஓடியும் தலகாணி வாங்கவே மறந்துருக்கேன். அந்தப் பஞ்சுலயே ஒண்ணு தச்சுக் குடுத்துட்டாரு, கூலி மட்டும்தான். சனிக்கிழம சித்தப்பாவே ஆட்டோவுல வச்சுக் கொண்டு போய்க் குடுத்தாரு. வாட்ச்மேன் அண்ணன் அவர ஒண்ணும் கேக்காம மூணாவது மாடி வரைக்கும் விட்டுட்டாராம், அந்த முட்டியோட.

கெட்டில மட்டும் இன்னும் வாங்கல. பெத்தவங்க நேர்ல வந்து ரசீதக் காட்டுனா தருவாங்களாம். அந்த ரசீத அன்னிக்கி எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட குடுத்தாருங்குறாரு, நான் அவரு சட்டப் பையிலதான் இருக்குங்குறேன், சட்டைய நேத்தே துவச்சுப் போட்டாச்சு.