லைனர்: ரப்பரா, சிலிக்கானா?

கறவை மெஷின்ல மாட்டோட உடம்பைத் தொடுற ஒரே பாகம் லைனர், அதாவது காம்புல மாட்டுற குழாய் மாதிரி உறை. நிமிஷத்துக்குச் சுமார் 60 தடவை காம்பை அழுத்தி விடுது. ஆனா மோட்டாருக்கு ஆயில் மாத்துற நாம இதைக் கிழியுற வரைக்கும் கண்டுக்கிறதில்ல. நானும் அப்படித்தான் இருந்தேன். கறக்க நேரம் கூடிச்சு, காம்பு நுனி சொரசொரன்னு ஆச்சு. லைனரை அழுத்தி விட வைக்கிற பல்சேட்டரைக் கழட்டி மாட்டிப் பார்த்ததுதான் மிச்சம். கடைசில லைனருக்குள்ள விரலை விட்டா உள்பக்கம் பூரா பொடி வெடிப்பு. பால் கொழுப்பும் கிருமியும் தங்க அது போதாதா!

நைட்ரைல் ரப்பர் லைனருக்குப் பொதுவா சொல்ற கணக்கு 2500 கறவை. 20 மாடு, 2 யூனிட் (ஒரு மாட்டோட நாலு காம்புக்கும் மாட்டுற செட்), ரெண்டு வேளைன்னா ஒரு யூனிட்டுக்கு நாளைக்கு 20 கறவை. 125 நாள்ல ஆயுசு முடிஞ்சுது. பார்க்கப் புதுசா இருக்கும், நம்பாதீங்க. இழுவை போயிருக்கும்.

சிலிக்கான் அதைவிட ரொம்ப நாள் வரும், குளோரின் கழுவலுக்கும் சீக்கிரம் இறுகாது. விலை கூட. சின்னக் கீறல் விழுந்தாலும் சர்ருன்னு கிழியும். மாடு உதைச்சுக் கீழ தள்ளுற கொட்டகைல யோசிச்சு வாங்குங்க.

என் ஓட்டு இப்போதைக்கு ரப்பருக்குத்தான், சுவத்துல மாத்துற தேதி எழுதி வச்சு. எதை வாங்கினாலும் ஷெல்லுக்கும் (லைனரைச் சுத்தி இருக்கிற கெட்டிக் கூடு) காம்பு அளவுக்கும் பொருந்தணும். ஒரு யூனிட்டோட நாலு லைனரையும் ஒண்ணா மாத்துங்க. ஸ்பேர் லைனரை வெயில்லயும் மோட்டார் பக்கத்துலயும் வைக்காதீங்க, சும்மா இருந்தே வெடிச்சிடும்.