சேசுநாதருக்கு என்ன நட்சத்திரம்? சருகணி, ஓரியூர் போயிட்டு வந்த அனுபவம்

மார்கழில தேவகோட்டைப் பக்கம் வந்திருக்கீங்கன்னா தெரியும், செட்டியார் வீடுகள்ல பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்குற நாளும் எங்க வீடுகள்ல முகப்புல ஸ்டார் தொங்கவிடுற நாளும் கிட்டக்கிட்டதான் வரும். நோன்பு திருக்கார்த்திகையில இருந்து 21 நாள் எண்ணி சஷ்டியும் சதயமும் பாத்து வர்றதால வருசா வருசம் தேதி மாறும். கிறிஸ்மஸ் அப்படி இல்ல, அமாவாசையோ பௌர்ணமியோ டிசம்பர் 25னா 25தான். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இது ரொம்ப நாளா மனசுல இருந்திருக்கு போல, வண்டி ஏறி உக்காந்ததும் கேட்டாங்க. "ஏன் தம்பி, வால் நட்சத்திரம் வந்து வழி காட்டுச்சுங்கிறீங்க, ராசாக்கள் வந்தாங்கங்கிறீங்க, பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்னு மட்டும் யாரும் எழுதி வைக்கலையா?"

அன்னைக்கு திருக்குடும்பத் திருநாள், அதாவது கிறிஸ்மஸுக்கு அடுத்து வர்ற ஞாயிறு. சருகணில காலைப் பூசை பாத்துட்டு ஓரியூர் போறதுன்னு முடிவு பண்ணியிருந்தோம். நான், எங்க அத்தை, மச்சான், அப்புறம் ஆச்சி. ஆச்சி மருமகளுக்கு கல்யாணமாகி வருசக்கணக்காச்சு, இன்னும் பிள்ளை இல்ல, ஓரியூர் அருளானந்தர் கோயில் செம்மண் எடுத்துட்டு வரணும்னு வேண்டியிருந்தாங்க. மச்சான் பெந்தேகோஸ்தே சபைக்குப் போறவர், பூசைக்கு வரமாட்டேன் ஆனா வண்டி ஓட்டிட்டு வர்றேன்னு வந்தார், அதுவே பெரிய மனசு.

ஆச்சி கேட்டதுக்கு மச்சான்தான் முதல்ல பதில் சொன்னார். "எழுதி வைக்கல ஆச்சி. தேதி முக்கியம்னா ஆண்டவர் எழுத வச்சிருப்பார். டிசம்பர் 25 ரோமாபுரில சூரியனுக்குக் கொண்டாடுன நாள், அதத்தான் இவங்க எடுத்துக்கிட்டாங்க." பாதி சரி, பாதி அவசரம். ஔரேலியன்ங்கிற ரோமப் பேரரசர் 274ல சூரிய தேவனுக்குக் கோயில் எடுத்தது உண்மை. 354ல ரோம்ல தொகுத்த ஒரு பஞ்சாங்கத்துல டிசம்பர் 25ஐ சூரியன் பிறந்தநாள்னும் போட்டிருக்கு, அதே புத்தகத்துல வேற இடத்துல கிறிஸ்து பெத்லகேம்ல பிறந்தார்னும் போட்டிருக்கு. இந்த ரெண்டாவது குறிப்பு 336 வாக்குல எழுதுனதா இருக்கணும்னு சொல்றாங்க. யார்கிட்ட இருந்து யார் எடுத்தாங்கன்னு அத வச்சு மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. அதுக்கும் முன்னாடி 200 வாக்குல அலெக்சாந்திரியா கிளமெந்துங்கிற ஆதிச் சபை ஆசிரியர் எழுதும்போது அவர் ஊர்ல சிலர் மே 20னும் சிலர் ஏப்ரல் 20, 21னும் சொல்லிக்கிட்டிருந்தாங்க, டிசம்பர் பேச்சே அங்க இல்ல. அந்தியோக்கியாவுல கிறிசோஸ்தோம் அருளப்பர்ங்கிற சாமியார் 386ல பிரசங்கம் வைக்கும்போது இந்தத் திருநாள் நம்ம ஊருக்குத் தெரிஞ்சு இன்னும் 10 வருசம்கூட ஆகலன்னு வெளிப்படையாவே சொல்றார். இதையெல்லாம் மறைக்க என்ன இருக்கு, நம்ம ஆட்களே எழுதி வச்சதுதானே.

வருசமும் அப்படித்தான். ஏரோது ராசா கி.மு. 4ல செத்துட்டதா பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, அப்ப சேசு பிறந்தது அதுக்கு முன்னாடி. சேசு பிறந்தப்ப நடந்ததா லூக்கா சொல்ற, சிரியா ஆளுநர் குரேனியு காலத்துக் குடிக்கணக்கு கி.பி. 6ல நடந்தது, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. இப்ப நாம போடுற கி.பி. கணக்கு 525ல தியோனீசியுனு ஒரு துறவி போட்டது, அவர் கணக்குல சில வருசம் பிசகிடுச்சு.

மழை பேஞ்சு வயலெல்லாம் பயிரா நின்னுச்சு. மச்சான் கண்ணாடிய இறக்கிவிட்டு, "பாருங்க மாப்ள, இந்த மாசத்துல எந்தக் கீதாரியாவது வயல்ல கிடை போடுவானா? ஆட்டுக்காரங்க ராத்திரி வெளில தங்கியிருந்தாங்கன்னு லூக்கா சொல்றார், அங்கயும் டிசம்பர் மழைக் காலம்தான்"னார். எங்க சீமையில தை அறுப்பு முடிஞ்சு தரிசா கிடக்கும்போதுதான் கிடை, அதனால அவர் கேக்குறது வயக்காட்டு ஆளுக்கு உடனே புரியும். எருசலேம் ஆலயத்துப் பலிக்கு வளர்த்த ஆடுகள் பெத்லகேம் பக்கம் வருசம் பூரா வெளிலதான் நிக்கும்னு மிஷ்னாங்கிற பழைய யூதச் சட்டத் தொகுப்ப வச்சு சிலர் பதில் சொல்றாங்க. எனக்கு அந்த பதில் அவ்வளவு பலமா படல. மச்சான் இதுல சொல்றது நியாயம்தான்னு சொல்லிட்டேன், அத்தை முகம் சுண்டிப்போச்சு.

சருகணி வந்தாச்சு. திரு இருதய ஆண்டவர் கோயில். மருது பாண்டியர் இந்தக் கோயிலுக்கு மானியம் விட்டதா ஊர்ல இன்னைக்கும் பெருமையா சொல்வாங்க, ஈஸ்டர் தேர் பாக்க எல்லா சனமும் வரும். உள்ள குடில் பிரமாதமா இருந்துச்சு. கேப்பையை ஊறவச்சு ரெண்டு விரக்கடை உசரத்துக்கு முளைக்கவிட்டு வயல் பண்ணியிருந்தாங்க, அதுக்கு நடுவுல கண்ணாடித் துண்டு வச்சு ஊரணி, ஊரணிக் கரையில மண் ஆடுங்க. மூணு ராசாக்களும் இன்னும் குடிலுக்கு வரல, தூண் ஓரமா ஒட்டகத்தோட நிக்குறாங்க, தினம் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி ஜனவரி 6க்கு மாதா முன்னாடி கொண்டுவந்து நிறுத்துவாங்களாம். மாடும் கழுதையும் சுவிசேசத்துல எங்கயும் இல்ல, ஆனா 1223ல கிரேச்சியோ ஊர்ல பிரான்சிஸ் அசிசியார் குடில் போட்டப்ப உசிரோட மாடும் கழுதையும் கொண்டுவந்து நிறுத்தினார், அதுக்கப்புறம் அதுங்க இல்லாம யாருக்கும் குடில் போட மனசு வர்றதில்ல.

பூசையில அன்னைக்கு வாசகம் பன்னெண்டு வயசுப் பிள்ளை ஆலயத்துல காணாமப் போன கதை. மூணு நாள் தேடி அலைஞ்சு கண்டுபிடிச்ச மாதா என்ன கேக்குறாங்க, உன் தகப்பனாரும் நானும் எவ்வளவு வேதனையோட தேடினோம்னு. நான் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், பிள்ளை திருப்பிச் சொல்ற பதில்லயே மனசு போயிடும். ஆச்சி முழங்கையால என்னை இடிச்சு மெதுவா, "பாருங்க தம்பி, பெத்தவளே உன் அப்பாங்குறா"ன்னாங்க.

வெளில வந்து மரத்தடியில உக்காந்தப்புறம்தான் அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுச்சு. ஆச்சி மகன் பிள்ளை கூட்டுன பிள்ளை, அதாவது தத்து வந்தவர். அதே கோயில் பங்காளி வீட்டுல இருந்து, மஞ்சள் நீர் குடிச்சு, இந்த வீட்டுக்கு வந்தவர். இன்னைக்கு இனிஷியல் இந்த வீட்டு இனிஷியல், கோயில் கணக்குல புள்ளி இந்த வீட்டுப் புள்ளி, ஐயா செய்யாம விட்டுப்போன கடமையெல்லாம் அவர்தான் செய்றார். செட்டிநாட்டுல இது வீட்டுக்கு வீடு நடக்குறது, யாரும் அவரை வேற வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிட முடியாது.

நான் மத்தேயு முதல் அதிகாரத்தை எடுத்து அவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். ஆபிரகாம்ல ஆரம்பிச்சு பதினாலு பதினாலா மூணு அடுக்கு, தாவீது ராசா வழியா வந்து வந்து மாதாவோட கணவர் சூசையப்பர்ல முடியுது. சூசையப்பர் பெறாத பிள்ளைக்கு சூசையப்பர் வம்சத்தை எதுக்கு எழுதணும்னு எத்தனையோ பேர் கேலியா கேட்டிருக்காங்க. ஆச்சிக்கு அதுல சந்தேகமே வரல. "வேற யார் வம்சத்தை எழுதுறது? பேர் வச்சது யாரு?"ன்னாங்க. பேர் வச்சது சூசையப்பர்தான், சம்மனசு, அதாவது தேவதூதர், கனவுல வந்து நீ பேர் வைன்னு அவர்கிட்டதான் சொல்லுது, அவரும் அப்படியே வைக்குறார். அந்த நிமிசத்துல அந்தப் பிள்ளை தாவீது வீட்டுப் பிள்ளை.

லூக்காவுல சூசையப்பரோட அப்பா பேரே வேற, மத்தேயு யாக்கோபுங்கிறார், லூக்கா ஏலிங்கிறார். மூணாம் நூற்றாண்டுல ஜூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் இதுக்கு ஒரு விளக்கம் எழுதினார். ஏலி பிள்ளை இல்லாம செத்துட்டார், ஒரு தாய் வயித்துல பிறந்த சகோதரர் யாக்கோபு யூத முறைப்படி அந்தம்மாவைக் கட்டி சூசையப்பரைப் பெத்தார், அதனால பிறப்புப்படி ஒரு அப்பா, சட்டப்படி ஒரு அப்பா. சரியோ தப்போ, பல அறிஞர்கள் இதை ஒத்துக்கிறதில்ல, ஆனா ஆச்சி "ஆமா, அதான் முறை"ன்னு தலையாட்டிட்டாங்க.

மச்சானுக்கு வேற கேள்வி. மாற்கு 6ல யாக்கோபு, யோசே, யூதா, சீமோன்னு நாலு சகோதரர் பேரும் சகோதரிகளும் வர்றாங்களே, மாதாவுக்கு வேற பிள்ளை இல்லங்கிறது எப்படின்னு. அத்தை எந்திரிச்சே போயிடுவாங்க போல இருந்துச்சு. இது இன்னைக்கு நேத்து சண்டை இல்ல. ரெண்டாம் நூற்றாண்டுல யாக்கோபு பேர்ல வந்த ஒரு பழைய நூல் அவங்க சூசையப்பரோட மூத்த தாரத்துப் பிள்ளைங்கங்குது, கீழைச் சபைகள் இன்னைக்கும் அதைத்தான் சொல்றாங்க. மாதாவோட அம்மா அப்பா அன்னம்மாள், சுவக்கீன் பேரும் அந்த நூல்ல இருந்துதான் நமக்கு வந்துச்சு. எல்விதியுன்னு ஒருத்தர் நாலாம் நூற்றாண்டுல, இல்ல கூடப் பிறந்தவங்கதான்னு எழுத, 383 வாக்குல ஜெரோம் கோபமா மறுத்து ஒன்னுவிட்ட சகோதரர்னு எழுதினார், கத்தோலிக்கத்துல அதுதான் நிலைச்சுச்சு. நான் அத்தை பக்கம்தான். சிலுவையில தொங்கும்போது அம்மாவை சீடர் அருளப்பர் கையில ஒப்படைக்குறார், வீட்டுல வேற மகன்கள் இருந்தா அப்படிச் செய்வாரான்னு எனக்குத் தோணும். மச்சான் அதுக்கும் ஒரு பதில் வச்சிருந்தார், அது வேற கதை.

ஆனா அந்தச் சொந்தக்காரங்களைப் பத்தி ரெண்டு பேருமே கேள்விப்படாத ஒண்ணு இருந்துச்சு, அதை லெவே சாமி கல்லறைக்கிட்ட வச்சுச் சொன்னேன். லூயி லெவே சாமி பிரான்ஸ்ல இருந்து வந்தவர், 1973ல இங்கதான் இறந்தார், தண்ணி இல்லாத இந்தச் சீமையில ஊரணி வெட்ட வச்சவர்னு பெருசுங்க சொல்வாங்க. சம்சாரிங்க வந்து அந்தக் கல்லறையில கை வச்சு நிக்குறதை அன்னைக்கும் பாத்தேன், வெடிச்ச கை, நகத்துக்குள்ள வயல் மண்ணு.

எகேசிப்புங்கிற ஆதிச் சபை எழுத்தாளர் எழுதி, சபை வரலாறு எழுதுன எவுசேபியு எடுத்து வச்ச செய்தி இது. ஆண்டவரோட சகோதரர் யூதாவுக்கு ரெண்டு பேரன்கள். தாவீது வம்சம்னா நாளைக்கு ராஜ்யம் கேப்பாங்கன்னு தொமீசியன்ங்கிற ரோமப் பேரரசர் முன்னாடி அவங்களைக் கொண்டுபோய் நிறுத்துறாங்க. என்ன சொத்து இருக்குன்னு கேக்குறார். ரொக்கம் ஒண்ணும் இல்ல, ரெண்டு பேருக்கும் சேர்த்து 39 பிளெத்ரா (அந்தக் காலத்து நில அளவு) நிலம் இருக்கு, நாங்களே உழுது வரி கட்டிப் பிழைக்கிறோம்னு சொல்லி கையை நீட்டிக் காட்டுறாங்க. காய்ப்பு காய்ச்ச கை. கிறிஸ்துவோட ராஜ்யம் என்னன்னு கேட்டா அது இந்த உலகத்தது இல்லங்கிறாங்க. அவர் அற்பமா நினைச்சு விட்டுட்டார். சேசுநாதர் குடும்பத்தைப் பத்தி நான் படிச்சதுலயே என்னை அழ வச்சது இதுதான். மச்சான் அந்தக் கைகளைப் பாத்துக்கிட்டே ஒண்ணும் பேசாம நின்னார், அத்தையும்தான்.

மதியம் திருவாடானை தாண்டி ஓரியூர். அருளானந்தர், லிஸ்பன்ல 1647ல பிறந்த ஜான் டி பிரிட்டோ, பாம்பாத்துக் கரையில 1693 பிப்ரவரி 4 தலை வெட்டுப்பட்டு இறந்த இடம். தடியத் தேவர்ங்கிற மறவர் தலைவர் நோய் குணமாகி ஞானஸ்நானம் வாங்குனது, ஒரு மனைவியோட மட்டும் வாழ்றேன்னு மத்தவங்களை விலக்குனது, அதுல ராமநாதபுரம் சேதுபதி ராசா வீட்டுப் பொண்ணு கடலாயி மனசு உடைஞ்சு முறையிட்டது, இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அந்த ஞானஸ்நானம் நடந்ததே மூவிராசாக்கள் திருநாள் சமயத்துலதான். மண்ணு அவ்வளவு சிவப்பு. ஆச்சி செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, முந்தானை நுனியில ஒரு பிடி அள்ளி முடிஞ்சுக்கிட்டு, கொஞ்சம் நெத்தியில பூசிக்கிட்டாங்க.

"இவருக்குத் திருநாள் என்னைக்கு?"ன்னாங்க. பிப்ரவரி 4ன்னேன். "அது இறந்த நாள்ல?" ஆமா ஆச்சி, ஆதிச் சபையில பிறந்தநாள் கொண்டாட்டமே கிடையாது, பைபிள்ல பிறந்தநாள் விருந்து வச்சவங்க பார்வோனும் ஏரோதும்தான்னு ஆதிச் சபை அறிஞர் ஒரிகேன் கண்டிச்சு எழுதியிருக்கார், வேதசாட்சி செத்த நாளைத்தான் மோட்சத்துல பிறந்த நாள்னு கொண்டாடுவாங்க. சேசுநாதருக்கும் இறந்த நாள்தான் நமக்குத் தெரியும், யூதர்களோட பாஸ்கா, பௌர்ணமியை ஒட்டி. ஆச்சிக்கு இதுல ரொம்ப திருப்தி, திதி தெரிஞ்சிருச்சுல்ல.

அதுல இருந்துதான் டிசம்பர் வந்துச்சுன்னும் ஒரு கருத்து இருக்கு, எனக்கு சூரியன் கதையைவிட இதுதான் பொருத்தமா படுது. அவர் பாடுபட்ட நாள் மார்ச் 25னு மேற்கே கணக்குப் போட்டாங்க, பழைய சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன்கிட்டயே அது இருக்கு. மகான்கள் கருவுல வந்த நாளும் உசிர் விட்ட நாளும் ஒண்ணாதான் இருக்கும்னு ஒரு நம்பிக்கை, அப்ப மார்ச் 25ல இருந்து ஒன்பது மாசம், டிசம்பர் 25. கிழக்கே ஏப்ரல் 6னு வச்சாங்க, அதுல இருந்து ஒன்பது மாசம் ஜனவரி 6. ஆர்மீனியச் சபை இன்னைக்கும் ஜனவரி 6லதான் பிறப்பைக் கொண்டாடுது. ரஷ்யாவுல ஜனவரி 7ன்னு கேள்விப்படுறது பழைய ஜூலியன் காலண்டர் வித்தியாசம், அவங்களுக்கும் அது டிசம்பர் 25தான்.

ஆச்சி விரல் விட்டு எண்ணிப் பாத்தாங்க. "அப்ப மார்ச் 25 அந்தம்மா வயித்துல கரு தங்குன நாளா?" ஆமா, மங்கள வார்த்தைத் திருநாள், கபிரியேல் சம்மனசு வந்து மாதாகிட்ட சொன்ன நாள், அன்னைக்குப் பூசை உண்டு.

முடிச்சைத் தொட்டுப் பாத்துக்கிட்டு ஆச்சி சொன்னாங்க, "பிறந்த நாளை நீங்க கொண்டாடிக்கங்க தம்பி. நான் மார்ச்சுல மருமகளைக் கூட்டிக்கிட்டு வர்றேன்." அத்தை அப்பவே கோயில் ஆபீஸ்ல போய் மார்ச் 25 காலைப் பூசைக்கு வேண்டுதல் கருத்து எழுதிக் குடுத்து ரசீது வாங்கிட்டு வந்துட்டாங்க. வண்டி நான் எடுத்துட்டு வர்றேன்னு மச்சான் சொல்லியிருக்கார்.