கைபேசிக்குள் மனநலச் சிகிச்சை

வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வுக்குக் கைபேசிச் செயலி வழியே சிகிச்சை அளிக்கலாம் என்ற பேச்சை, பாளையங்கோட்டையில் ஆசிரியராகப் பணிபுரியும் நான் ஆவலோடும் சற்றே ஐயத்தோடும் கவனித்து வருகிறேன். நியூசிலாந்தில் 12 முதல் 19 வயது வரையிலான 187 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், கணினி விளையாட்டாக வடிவமைக்கப்பட்ட 'ஸ்பார்க்ஸ்' என்னும் சிகிச்சை, வழக்கமான ஆலோசனைக்குக் குறையாத பலன் தந்தது. அவர்கள் லேசான அல்லது மிதமான சோர்வு கொண்டவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அமெரிக்காவில் 2024இல் அனுமதி பெற்ற 'ரிஜாய்ன்' செயலியோ 22 வயது நிரம்பியவர்களுக்கு, அதுவும் மருந்துடன் சேர்த்துத்தான்.

"எல்லாம் என்னால்தான் கெட்டுப்போச்சு" என்று ஒரு பிள்ளை தட்டச்சு செய்தால், அதற்கு என்ன ஆதாரம், மறுக்க என்ன ஆதாரம் என்று இத்தகைய செயலி படிப்படியாகக் கேட்கும். பிறகு சிறு வேலை ஒன்றைச் செய்யச் சொல்லும். நல்ல முறைதான். ஆனால் வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் பகலெல்லாம் அப்பாவின் சட்டைப்பையில் என்றிருக்கும் குடும்பங்களில், இரவில் "இன்று மனநிலை எப்படி?" என்று திரையில் ஒளிரும் அறிவிப்பை முதலில் படிப்பவர் அண்ணனாகவே இருப்பார். (போனால்தான் பிள்ளை கெட்டது என்னும் பெற்றோரிடம் இதை விளக்குவது தனிப் பாடு.)

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் செயலியை நம்பிக் காத்திருக்காமல், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.